சிலிண்டருக்கு அரை நாள் லீவு

விலைவாசிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்களில் நான்கு பேர் மெட்ரோ பிடித்து தில்லி ஓரத்தில் இருக்கும் துவாரகா வரைக்கும் வந்தீர்கள். "சார், இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்திருக்கீங்க. உங்க சாதனைகளை எழுதிக் கொடுங்க, பயிற்சி மலர்ல போடறோம்" என்று கேட்டீர்கள். நீங்கள் போன பிறகு பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன். சாதனைகள் அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. அதிலும் பாதி, ஆபீஸ் கேரம் போட்டியில் வாங்கிய கோப்பை. தவறுகளை எழுதலாமா என்று யோசித்தால் உங்கள் மலர் தாங்காது. ஆகவே, கையிருப்பில் அதிகம் உள்ள சரக்கிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து அனுப்புகிறேன். சமையல் கேஸ் சமாச்சாரம்.

விலைக் குறியீட்டை எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. எனக்கு அது மறந்தும் போய்விட்டது. நான் சொல்ல வந்தது கையேட்டில் இல்லாதது.

நம் பிரிவில் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் இருக்கிற மரியாதை கேஸுக்குக் கிடையாது. வெங்காயம் ஏறினால் டி.வி.யில் கத்துவார்கள். கேஸ் அப்படியில்லை. மாதப் பிறப்பன்று புது விலை வரும். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு எல்லோரும் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்கள். ஆனால் அது சத்தம் போடாமல் எங்கெல்லாம் நுழைகிறது என்று பார்க்க வேண்டும். நான் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடைக்குப் போவேன். ஹோட்டல் சிலிண்டர் விலை ஏறிய மாதம் கடைக்காரர் தோசையின் விலையைத் தொடவில்லை, தோசையைத் தொட்டார். அதுவரை தட்டுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்த தோசைக்குச் சுற்றிலும் தட்டின் ஓரம் தெரிய ஆரம்பித்தது. சில மாதம் கழித்து கேஸ் விலை இறங்கியது. தோசை வளரவில்லை.

"என்ன அண்ணாச்சி, கேஸ்தான் எறங்கிருச்சே, தோசை பழைய சைஸுக்கு வரலியே?" என்றேன்.

"கல்லு பழகிருச்சு சார்" என்றார்.

ஏறின விலை இறங்கினாலும் அது விட்டுப் போன அடையாளம் இறங்காது என்று இதை வைத்து நான் ஒரு அறிக்கையே எழுதினேன். மேலிடத்தில் பாராட்டினார்கள். அன்றிலிருந்து கேஸ் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. விழுவதற்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் உயரமாக ஏற வேண்டுமல்லவா, அதற்கான ஏணி அது.

ஓய்வுக்குச் சில வருடங்கள் இருந்தபோது நடந்தது இது. வீட்டு சிலிண்டர் விலை அடுத்தடுத்து இரண்டு மாதப் பிறப்பில் ஏறியிருந்தது. மூன்றாவது முறையும் ஏறும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஏழைக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கூடுதலாக ஒரு சலுகைத் தொகை வங்கிக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கெடு முடியும் நேரம். நீட்டிப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்று முடிவு செய்ய மாதக் கடைசியில் பெரிய அதிகாரிகளின் கூட்டம். அதற்கு எங்கள் பிரிவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: விலை ஏறியதால் வீடுகளில் கேஸ் உபயோகம் குறைந்திருக்கிறதா?

கேள்வி என் மேஜைக்கு வந்தது. களப் பணியாளர்கள் பல ஏஜென்சிகளிலிருந்து புக்கிங் விவரங்களை அள்ளிக்கொண்டு வந்து தந்தார்கள். வாரவாரியாக, சலுகை பெறும் வீடுகள் தனி, மற்ற வீடுகள் தனி என்று அருமையாகப் பிரித்திருந்தார்கள். ஒரே குறை, அட்டவணை அகலமாகிவிட்டது. இரண்டு பக்கம் வந்தது. பெரிய அதிகாரி இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார் என்பது நம் ஆபீஸில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. இன்றும் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். அதனால் வாரங்களை ஒன்றாகக் கூட்டினேன். இரண்டு வகை வீடுகளையும் ஒன்றாகக் கூட்டினேன். மிச்சப் பத்திகளை கம்ப்யூட்டரில் மறைத்து வைத்தேன். ஒரே பக்கம், கச்சிதம்.

கூட்டிப் பார்த்தால் ஆச்சரியம். போன மாதத்தைவிட இந்த மாதம் புக்கிங் அதிகம்! விலை ஏறியும் வாங்குவது ஏறியிருக்கிறது. குஷியாகி முடிவுரை எழுதினேன்: "விலை உயர்வு வீட்டு உபயோகத்தைப் பாதிக்கவில்லை. மக்களின் வாங்கும் சக்தி திடமாக உள்ளது. கூடுதல் சலுகையின் அவசியம் மறுபரிசீலனைக்குரியது." அந்தத் 'திடமாக' என்ற சொல் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு டீ தனியாகக் குடித்தேன்.

அதே வாரம் என் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கோமதி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். திருநெல்வேலிப் பேச்சை தில்லி வெயிலாலும் குளிராலும் அசைக்க முடியவில்லை.

"ஏங்க, ஒண்ணாந் தேதி சிலிண்டர் வெல திரும்பயும் ஏறப் போவுதாம்லா. ஸ்டாஃப் ரூம்ல அம்புட்டு பேரும் புக் பண்ணிட்டாங்க. நீங்க பண்ணியாச்சா?"

"அடுப்புல இருக்கிறதே போன வாரம் மாத்தினது. இன்னும் ஒரு மாசத்துக்கு வருமே."

"வரும்லா. அதுக்குள்ள வெல ஏறிரும்லா. காலி சிலிண்டர் பால்கனியில நின்னு என்ன செய்யுது, காவலா காக்குது?"

"விலை ஏறும்னு உறுதியாத் தெரியாது கோமதி. வதந்திய நம்பி எதுக்கு..."

"வெலவாசி பாக்குத ஆபீஸ்ல இருக்கீக. ஒங்களுக்கே தெரியாதுன்னா நாங்க வதந்திய நம்பாம வேற யார நம்ப?"

போனை எடுத்து புக் செய்தேன். செய்த கையோடு ஆபீஸ் போய், மக்களின் வாங்கும் சக்தி திடமாக உள்ளது என்று எழுதினேன். இரண்டையும் செய்தது ஒரே கைதான். கை கண்டுபிடிக்கவில்லை என்றால் மன்னிக்கலாம். தலை என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை.

கூட்டம் நடக்கும் நாள் வந்தது. முதல் நாளே என் குறிப்பில் எங்கள் டைரக்டர் மேடம் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். அன்று காலைதான் சிலிண்டர் வருவதாக மெசேஜ். கோமதிக்குப் பள்ளிக்கூடம். எனவே, விலைவாசி நிபுணர் அரை நாள் லீவு போட்டுவிட்டு லுங்கியில் உட்கார்ந்து சிலிண்டருக்குக் காவல் இருந்தார்.

பதினொரு மணிக்கு தயாராம் வந்தார். எங்கள் காலனிக்கு வருடக்கணக்காக சிலிண்டர் போடுகிறவர், கிட்டத்தட்ட என் வயது. தோளில் சிலிண்டரோடு இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்காமல் பேசுவார். நான் ஒரு மாடி இறங்கினாலே பேச்சு நின்றுவிடும். அவர் பேசியது இந்தியில், நான் தருவது தமிழில்.

"ஓ.டி.பி. சொல்லுங்க சாப், ஜல்தி. கீழே வண்டியில இன்னும் நிறைய சிலிண்டர் நிக்குது."

"ரொம்பக் காக்க வச்சுட்டீங்களே தயாராம் ஜி."

"என்ன பண்றது? இந்த ஒரு வாரத்துல காலனி மொத்தமும் புக் பண்ணிருக்கு. ரெண்டு ஆள் வேலையை நான் ஒருத்தன் பார்க்கிறேன். பரவால்ல, அடுத்த மாசம் ஊருக்குப் போயிடுவேன்."

"ஊர்ல கல்யாணமா?"

"கல்யாணமெல்லாம் இல்ல சாப். அடுத்த மாசம் இங்கே எனக்கு வேலை இருக்காது. உங்க எல்லார் வீட்டுலயும் ரெண்டு ரெண்டா நிறைஞ்சு நிக்குது. அப்புறம் யார் கூப்பிடப் போறாங்க? விலை ஏறும்னு பேச்சு கிளம்பினா எப்பவும் இப்படித்தான். இந்த மாசம் முதல் மூணு வாரம்கூட மந்தம்தான். அதான் முதலாளிகிட்ட இப்பவே லீவு சொல்லி வச்சுட்டேன்."

கையில் பில்லோடு அப்படியே நின்றேன்.

"அந்தப் பக்கம், குடிசைகள் பக்கம் எப்படி? அங்கேயும் முன்கூட்டியே புக் பண்றாங்களா?"

தயாராம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவங்ககிட்ட இருக்கிறதே ஒரு சிலிண்டர். அது காலியானாத்தானே அடுத்தது? சலுகைப் பணம் பாங்குக்குப் பின்னால வரும். ஆனா என் கையில முழுசா இன்னிக்கே தரணுமே. நம்ம பிரஸ் கம்லாவையே பாருங்க. ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு, கூப்பிடவே இல்ல."

கம்லா எங்கள் பிளாக்குக்குக் கீழே வேப்பமரத்தடியில் துணி இஸ்திரி போடுகிறவர். என் சட்டைக்கு அன்றாடம் மடிப்பு வைத்துத் தருகிறவர். முந்தின வாரம் காலனியில் மரக்கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதையெல்லாம் அவர் கட்டுக்கட்டாக வீட்டுக்குச் சுமந்து போனதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். பார்த்து என்ன நினைத்தேன் தெரியுமா? 'பரவாயில்லையே, காலனி சுத்தமாகிறது' என்று நினைத்தேன். வீட்டு உபயோகம் குறைந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் என் கண்ணெதிரே விறகுக் கட்டாக நடந்து போயிருக்கிறது.

தயாராம் இறங்குவதற்குள் நான் பேன்ட் மாட்டிக்கொண்டு அவரை முந்தி இறங்கினேன். பத்து நிமிட நடை. ஆபீஸில் நாற்காலியில் உட்காரும்போதுதான் தெரிந்தது, காலில் கிடப்பது நீல வார் போட்ட பாத்ரூம் செருப்பு.

மறைத்து வைத்த பத்திகளைத் திறந்தேன். முதல் மூன்று வாரமும் போன மாதத்தைவிடக் குறைவு. கடைசி வாரத்தில் மட்டும் ஒரே குவியல். சலுகை பெறும் வீடுகளின் பத்தி இரண்டு மாதமாகச் சரிந்துகொண்டே வருகிறது. அவர்கள் வாங்காமல் விட்டதை, எங்களைப் போன்றவர்கள் இரண்டிரண்டாக வாங்கி மூடிவிட்டோம். கூட்டினால் திடமாக இருக்கிறது. களப் பணியாளர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்று நான்தான் ஒளித்து வைத்தேன்.

மணி ஒன்று. கூட்டம் மூன்றுக்கு.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் நான் எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கையை மேடம் எழுதப்போவது அந்த வாரம்தான். பதவி உயர்வு அதில் தொங்குகிறது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த மாதம் புக்கிங் விழும்போது 'பருவகால மாற்றம்' என்று எழுதிவிடலாம். நம் தொழிலில் எந்தப் பாவத்தையும் கழுவுகிற தீர்த்தம் அது. ஆனால் சலுகை நின்றுபோயிருக்கும். நின்றுபோனதை மறுபடி தொடங்க எத்தனை கோப்பு, எத்தனை கூட்டம் வேண்டும் என்பது உங்களுக்கே இன்னும் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

பேசாமல் இருக்கவும் முடியவில்லை, பேசவும் தைரியமில்லை. ஆகவே அரசு ஊழியன் செய்கிற காரியத்தைச் செய்தேன். கூடுதல் குறிப்பு ஒன்று எழுதினேன்: "மேற்படி குறிப்பைச் செழுமைப்படுத்தும் வகையில் சில நுண்ணிய கோணங்களும் தற்போது கவனத்துக்கு வந்துள்ளன."

மேடம் லக்னோக்காரர். கோப்பின் ஓரத்தில் அவர் 'வந்து பேசவும்' என்று எழுதினால் பிரிவில் பாதிப் பேருக்கு அன்று சாப்பாடு இறங்காது. நான் போனபோது அவர் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

"சுப்பையா ஜி, நீங்க லீவுல இல்ல?"

"ஆமா மேடம். சிலிண்டர் வந்துருச்சு."

"முபாரக்" என்று வாழ்த்திவிட்டுத் தாளை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். "நான் சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறதால புரியலையா, இல்ல புரியக் கூடாதுன்னே எழுதியிருக்கீங்களா?"

"ரெண்டாவது, மேடம்."

கையிலிருந்த ரொட்டியை டப்பாவில் வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிலிண்டர், தயாராம், கம்லா, மறைத்த பத்திகள், ஒன்று விடவில்லை.

"அச்சா. அப்போ நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினது தப்பு. முழுசாவா, கொஞ்சமாவா?"

"கூட்டல் சரிதான் மேடம். முடிவு தப்பு."

"கூட்டலை மிஷின் போடும். முடிவுக்குத்தான் உங்களுக்கும் எனக்கும் சம்பளம்." டப்பாவை மூடினார். "உங்க காலனியில அப்படி, சரி. மத்த இடத்துல?"

அவர் எதிரிலேயே இரண்டு ஏரியாக்களின் களப் பணியாளர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். ஒருவர், "இதைத்தானே சார் பிரிச்சு அனுப்பினோம்?" என்று வேறு கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

என் கூடுதல் குறிப்பை மேடம் இரண்டாகக் கிழித்தார். "ரெண்டு வரி எழுதுங்க. தப்புன்னா தப்புன்னு."

எழுதினேன்: நேற்றைய குறிப்பின் முடிவு தவறு. முழு அட்டவணை இணைக்கப்பட்டுள்ளது. மூன்றாவதாக, இதற்காக மிகவும் வருந்துகிறேன் என்று சேர்த்தேன். அதை அடித்துவிட்டார்.

"உங்க வருத்தத்தை வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க? அந்த ரெண்டாம் பக்கத்தைக் கொடுங்க, அது போதும். அப்புறம், நீங்களும் வாங்க. நீங்களே சொல்லுங்க."

"மேடம், கால்ல செருப்பு..."

"உங்க காலைப் பத்தி யாரும் நோட் கேட்கல. சலியே, போகலாம்."

பளபளவென்ற நீள மேஜை. சுற்றிலும் கோட்டுகள். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் என் இரண்டு வரியைப் படித்தார். தலை நிமிர்ந்தார்.

"நேத்து ஏறியிருக்குன்னு சொன்னீங்க. இன்னிக்கு இறங்கியிருக்குங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?"

நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் செருப்பு வழியாகத் தரையில் இறங்கிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "சார், இந்த மாசம் கூடுதலா வந்த புக்கிங்ல ஒண்ணு என்னோடது. இன்னிக்குக் காலைலதான் வந்தது. எங்களுக்கு அது இப்போ தேவையே இல்ல. விலை ஏறுமோன்னு பயந்து வாங்கி வச்சிருக்கோம். அந்தப் பயத்தைத்தான் நான் வாங்கும் சக்தின்னு எழுதிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். பிறகு நிறுத்தினார். "எங்க வீட்டுக்கும் நேத்து ஒண்ணு வந்தது" என்றார்.

"எங்க வீட்டுக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மூன்றாவது ஒருவர் கையை மட்டும் தூக்கினார். இன்னும் இரண்டு பேர் மேஜையைப் பார்த்துக்கொண்டார்கள். என் குறிப்பில் 'மக்கள்' என்று வருகிறதே, அந்த மக்கள் யார் என்று அப்போதுதான் எனக்கு நேரில் அறிமுகமானது. எல்லோரும் அந்த மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். புரட்ட மாட்டார்கள் என்று யார் சொன்னது? சலுகை வீடுகளின் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போனார். கேள்விகள் கேட்டார். மேடமும் நானும் பதில் சொன்னோம். கடைசியில், சலுகை தொடரட்டும், இனி இரண்டு வகை வீடுகளின் விவரமும் தனித்தனியாக வரட்டும் என்று முடிவானது. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு மூச்சு அதற்கு முன்னால் விட்டதில்லை. "எழுந்திருங்க, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்று மேடம் அதட்டினார். ஆனால் அவரும் தூணில் சாய்ந்துதான் நின்றுகொண்டிருந்தார்.

ஒன்றாம் தேதி விலை ஏறவில்லை. பேச்சு வெறும் பேச்சாகவே போயிற்று. "ஏறலேன்னா சந்தோசந்தான, மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்கீக?" என்றாள் கோமதி. தயாராம் சொன்னபடியே ஊருக்குப் போனார். புக்கிங்கும் அவர் சொன்னபடியே விழுந்தது. அவர் திரும்பி வந்த வாரமும் எங்கள் அட்டவணையில் புக்கிங் தலையெடுத்த வாரமும் ஒன்று. அதற்குப் பிறகு மாதாமாதம் அவருடைய லீவு எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நான் பேனாவைத் திறப்பேன்.

கம்லாவையும் கேட்டேன். சலுகை நீடித்தும் அவர் வீட்டில் விறகு ஒரேயடியாகப் போய்விடவில்லை. காலையில் கேஸ், சாயங்காலம் விறகு என்று ஓடியது. சலுகை நின்றிருந்தால் காலைக் கேஸும் போயிருக்கும் என்றார். ஒரு வேளைச் சமையல். நான் ஒரு பக்கத்தில் அடக்கப் பார்த்தது அதைத்தான். அது தப்பியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு லேசாகிறது.

கூட்டம் நடந்த வாரக் கடைசியிலேயே என் மதிப்பீட்டு அறிக்கை வந்திருந்தது. நம் விதிப்படி அதை நமக்குக் காட்டுவார்கள். பதவி உயர்வுக்குப் போதுமான மதிப்பெண் போட்டிருந்தார் மேடம். கீழே, தன் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "தவறு செய்தால் தாமே வந்து ஒப்புக்கொள்கிறார். அடிக்கடி வருகிறார்."

ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரலாம் என்று அடியில் அச்சடித்திருந்தது. பதினைந்து நாளும் யோசித்துப் பார்த்தேன். அதில் எந்த வரியை ஆட்சேபிப்பது?